மூன்றே முக்கால் சங்கு

போன வாரம் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்காகக் கம்பெனிக்கு வந்திருந்தேன். செக்கிங் பகுதியில் புதிதாகச் சேர்ந்த நாலைந்து பேர் இருந்தீர்கள். அப்போது சங்கு ஊதியது. மணி மூன்றே முக்கால். யாரும் வேலையை நிறுத்தவில்லை, யாரும் எழுந்து போகவில்லை. உங்களில் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணாச்சி, காலைல எட்டுக்கு ஊதுறாக, சரி. சாப்பாட்டுக்கு ஊதுறாக, சரி. அஞ்சு மணிக்கு ஊதுறாக, ரொம்பச் சரி. இந்த மூணே முக்கால் சங்கு யாருக்கு?"

"பழைய வழக்கம்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நாலு பேர் முகத்தைப் பார்த்து நிற்கும்போது எனக்குப் பேச்சு வராது. என் மனைவியே, "உங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வர்றதுக்குள்ள நான் உலை வச்சு வடிச்சு இறக்கிருவேன்" என்பாள். ஆனால் எழுதச் சொன்னால் எழுதுவேன். ஓய்வு பெற்றவனுக்குப் பொழுதும் நிறைய இருக்கிறது. ஆகவே அந்தத் தம்பி கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். மற்றவர்களும் படியுங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே மேசையில் பதினாறு வருஷம் உட்கார்ந்தவன் செய்த தப்பு இது.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் மூட்டைகளுக்கு மார்க் எழுதிக்கொண்டிருந்தேன். நம் முதலாளி அங்கே சரக்கு எடுக்க வருவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "கண்ணாடிக் கம்பெனி போட்டிருக்கேன், செக்கிங்குக்கு வாரியா?" என்றார். ஏன் என்னை என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "நீ பேச மாட்டேங்கிற. அதான் வேணும். பேசுறவனை செக்கிங்ல உக்கார வச்சா, உடைஞ்சதையும் நல்லதுன்னு பேசிருவான்."

அப்போது கம்பெனி இவ்வளவு பெரிது இல்லை. ஒரு உலை, இரண்டு அடுப்பு, ஒரு தகரக் கொட்டகை. அரிக்கேன் விளக்குக்குச் சிம்னி, சிவகாசி பிரஸ்களுக்கு மை பாட்டில், கோந்து பாட்டில். இவை தவிர, மின்சார விளக்குக்கு மேல் மாட்டுகிற வெள்ளை குளோப். பால் கண்ணாடி என்று நீங்களும் சொல்கிறீர்கள் அல்லவா, அதுதான். அந்தப் பால் கண்ணாடியைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

உலையிலிருந்து எடுக்கும்போது பால் கண்ணாடி பால் மாதிரி இருக்காது. தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். அதை ஒரு தினுசில் மறுபடியும் சூட்டில் வைத்திருந்தால்தான் வெளுக்கும். இது எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை. எங்கள் உலைக்காரர் ஒருநாள் நெய்யை வைத்துப் புரிய வைத்தார். அவர் வடக்கே போய்த் தொழில் கற்று வந்தவர். என் வயதுதான் இருக்கும்.

"காய்ச்சுன நெய்யப் பாத்திருக்கீகளா? சூடா இருக்கும்போது அடியில கிடக்கிற கரண்டி தெரியும். ஆற ஆற என்ன ஆகுது?"

"மணல் மணலா..."

"ஆங். உள்ளதுக்குள்ளேயே ரெண்டாப் பிரியுது. கண்ணாடியும் அப்பிடித்தான். எலும்புச் சாம்பல் போட்டிருக்கோம்ல, சூடு பக்குவமா இருந்தா அது தனியாச் சின்னச் சின்னத் துளியா ஒதுங்கும். கண்ணுக்குத் தெரியாத துளி. வெளிச்சம் உள்ள போயி ஒவ்வொரு துளியிலயும் முட்டி முட்டித் திரும்பும். அதான் வெள்ளை. துளி வளர நேரம் குடுக்கணும். அவசரப்பட்டா வளராது. அம்புட்டுத்தான் விஷயம்."

அம்புட்டுத்தான் விஷயம். ஆனால் 'அவசரப்பட்டா வளராது' என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

வெளுத்தது போதுமா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. பேக்கிங்கில் பேச்சியக்கா இருந்தார். நாற்பது வயதுக்காரர், வாய் ஓயாது. என் பங்குக்கும் சேர்த்து அவர்தான் பேசுவார். சாமான்களைச் சுற்றிக் கட்டுவதற்குச் சிவகாசியிலிருந்து வீணாய்ப்போன காலண்டர் தாள்கள் வரும். கலர் விலகியது, மை சிந்தியது என்று பிரஸ்களில் கழித்துப்போட்டவை. அப்போதெல்லாம் காலண்டர் என்றால் பாதிக்கு மேல் குண்டுக் கன்னம் வைத்த குழந்தைப் படம்தான். பேச்சியக்கா ஒரு கையில் பால் கண்ணாடியைப் பிடிப்பார். ஒரு சாண் தள்ளி இன்னொரு கையில் காலண்டர் தாளைப் பிடிப்பார். "பாப்பா மூஞ்சி தெரியுதா?" என்பார். நான் எட்டிப் பார்த்துத் தலையாட்டுவேன். முகம் மறைந்துவிட்டால் அதே தாளில் சுற்றிக் கட்டிவிடுவார். இதற்குப் பெயர் பாப்பா டெஸ்ட். குளோப் வாங்கிய ஒரு கடைக்காரரும் குறை சொன்னதில்லை.

ஒரு வருஷம் ஆவணியில் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியிலிருந்து புது மாதிரி ஆர்டர் வந்தது. நம் கொட்டகையிலிருந்து காட்டு வழியாக ஒன்றரை மைல். பட்டாசுக்குள் அடைக்கிற மருந்தைக் கலப்பதற்கு அவர்கள் ஐந்து ஷெட் புதிதாகக் கட்டியிருந்தார்கள். மருந்து கலக்கும் ஷெட்டில் விளக்கு வைக்கக் கூடாது. பகல் வெளிச்சம்தான் வேண்டும். அதே சமயம் வெயில் நேராக மருந்தின் மேல் விழவும் கூடாது. சாதாரணக் கண்ணாடி போட்டால் அதில் இருக்கிற முடிச்சு, அதாவது கண்ணாடி திரண்டு தடித்த இடம், பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துவிடும். சுண்ணாம்பு அடித்தால் ஒரு மழைக்கு உரிந்துபோகிறது. ஆகவே பால் கண்ணாடி. ஒரு ஷெட்டுக்கு மேற்கே இரண்டு ஜன்னல், ஜன்னலுக்கு நாலு கண்ணாடி. ஆக நாற்பது. தீபாவளி சீசன் நெருங்கிவிட்டதால் பத்து நாளில் வேண்டும் என்றார்கள்.

இந்த நேரத்தில் உலைக்காரர் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். வெளுக்க வைக்கிற அடுப்பை நான் பார்த்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. ஜன்னல் சட்டத்துக்கான கண்ணாடியை மூன்று மணி நேரம் வைக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் ஒன்றரை மணி நேரத்தில் அடுப்பின் வாயைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருட்டு. இருட்டுக்கு முன்னால் கண்ணாடி வெள்ளை வெளேர் என்று இருந்தது. லேசாக நீலம் ஓடிய வெள்ளை, சலவைக்குப் போட்டு வாங்கிய வேட்டி மாதிரி. அழகாகக்கூட இருந்தது. வெளுத்துவிட்டதே, இன்னும் எதற்கு ஒன்றரை மணி என்று எடுத்துவிட்டேன். இப்படி எடுத்தால் ஒரு நாளைக்கு இரண்டு மடங்கு சுடலாம். பாப்பா டெஸ்ட் வைத்தோம். உடைந்தால் ஆகும் என்று கூடுதலாகச் சுட்ட ஒன்றோடு சேர்த்து, நாற்பத்தொன்றிலும் முகம் மறைந்தது. பேச்சியக்கா, "அண்ணாச்சிக்குக் கைராசி" என்றார். நாற்பது லோடு ஏறியது. மிச்சம் ஒன்று எங்களிடம் தங்கிவிட்டது.

ஒருவேளை அந்த ஒன்று மிஞ்சாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

பேக்கிங் பகுதியின் மேற்கு ஜன்னலில் கண்ணாடி உடைந்து, சாயங்கால வெயில் பேச்சியக்கா மூஞ்சியில் அடித்துக்கொண்டிருந்தது. மிஞ்சிய கண்ணாடியை அதில் மாட்டிவிடச் சொன்னார். பல நாள் சும்மா கிடந்ததை அன்றைக்குத்தான் மாட்டினோம். மூன்றரை மணி இருக்கும். நான் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். பேச்சியக்கா காலண்டர் தாளை விரித்தார். விரித்தவர் அப்படியே நின்றார்.

"அண்ணாச்சி, இந்தப் பாப்பாவுக்கு யாரு பொட்டு வச்சது?"

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். குழந்தையின் கன்னத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. கையால் துடைத்தேன். பொட்டு என் விரல்மேல் ஏறிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தேன். பால் கண்ணாடிக்குப் பின்னால் சூரியன் தெரிந்தது. விளிம்பு வெட்டியது போல வட்டமாக, குங்குமச் சிவப்பாக. சுற்றிலும் வெள்ளை, நடுவில் அந்தச் சிவப்பு வட்டம். கண்ணாடியின் ஒரு மூலையில் சின்ன முடிச்சு இருந்தது. அதன் வழியாக வந்த வெளிச்சம்தான் பொட்டாக விழுந்திருக்கிறது.

குழந்தையின் முகத்தை மறைத்த கண்ணாடி சூரியனை மறைக்கவில்லை.

இதே அடுப்பில், இதே ஒன்றரை மணியில் எடுத்தவை நாற்பது. அவை மேற்கு ஜன்னலில் இருக்கின்றன. அவற்றின் கீழே மருந்து இருக்கிறது.

முதலாளி மதுரைக்குப் போயிருந்தார். உலைக்காரர் காய்ச்சலில். "யார்ட்டயாவது சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் பேச்சியக்கா. சொல்ல யாரும் இல்லை. நான்தான் இருந்தேன். "அப்ப நீங்க போங்க. நான் வேணும்னா கூட வாரேன், பேசுறதுக்கு."

"வேண்டாம்க்கா" என்றேன். இதை நான் பாஸ் பண்ணினேன், நான்தான் போக வேண்டும். ஆனால் காட்டு வழியில் சைக்கிள் மிதித்த ஒன்றரை மைலும், அக்காவைக் கூட்டி வந்திருக்கலாமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். வாசலுக்குப் போனதும் நாலும் மறந்துவிட்டது.

வாட்ச்மேன் தடுத்தார். "தீப்பெட்டி, பீடி, சாவி, எல்லாத்தையும் இங்கன வச்சிருங்க. செருப்புல ஆணி இருக்கா? கழட்டுங்க. யாரைப் பாக்கணும்?"

"போர்மேன்."

போர்மேன் வந்தார். உயரமான ஆள். சீசன் வேலையில் தூக்கம் கெட்ட முகம்.

"யாரு?"

"கண்ணாடிக் கம்பெனி. செக்கிங்."

"கண்ணாடி உடைஞ்சிருச்சின்னு நாங்க சொல்லி அனுப்பலையே. பெறகு எதுக்கு வந்திருக்கீக?"

"எடுக்கணும்."

"எதை?"

"எல்லாத்தையும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெறுங்காலோடு, வேர்த்துப்போய் நிற்கிற ஒருவன், கொடுத்த சரக்கு முழுவதையும் திரும்பக் கேட்கிறான். "கிறுக்குப் பிடிச்சிருச்சா ஓய்?" என்று கேட்கத்தான் அவர் வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். ஆனால் கேட்கவில்லை. "வாங்க, பாப்போம்" என்று முதல் ஷெட்டுக்குக் கூட்டிப் போனார்.

உள்ளே மருந்து கலக்கிறவர் கருப்பையா அண்ணன் உட்கார்ந்திருந்தார். தலை முதல் கால் வரை அலுமினியப் பொடி படிந்து, ஆளே வெள்ளியில் வார்த்தது மாதிரி இருந்தார். கண்ணும் பல்லும் மட்டும் வேறு நிறம். அவருக்கு முன்னால் தரையில், மங்கலாகச் சிவந்த வெயில் ஜன்னல் வடிவத்தில் விழுந்திருந்தது.

போர்மேன் அதைக் காட்டி, "இதையா சொல்றீக?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

கருப்பையா அண்ணன் சிரித்தார். "அட, இது எங்க கடிகாரம்ல! இங்க உள்ள வாட்ச்சு கட்டக் கூடாது, எந்த இரும்பும் ஆகாது. ஷெட்டு தொறந்த அன்னைலருந்து இந்தச் செவப்பு வெயிலை வச்சுத்தான் மணி பாக்கேன். தரையில மூணாவது கல்லைத் தொட்டுச்சுன்னா மூணே முக்கால், டீக்குப் போகலாம். அஞ்சாவது கல்லுன்னா கையக் கழுவலாம். ரொம்ப நல்ல கண்ணாடி தம்பி. பழைய ஷெட்டுல மணி தெரியாமக் கிடந்து செத்தேன்."

நான் செய்த தப்பை அவர் பத்து நாளாகப் பாராட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

போர்மேன் குனிந்து புறங்கையை அந்த வெயிலில் வைத்தார். "சுடலையே. ரோட்டுல நடந்தா இதைவிடச் சுடும்." பிறகு ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "சோதனை வெடி போட்டாப் புகைக்குள்ள சூரியன் இப்பிடித்தான் செவப்பாத் தெரியும். பொகை வெளியில இருந்து பாத்தா நீலமா இருக்கும், உள்ள இருந்து பாத்தாச் செவப்பு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் கண்ணாடியில் பார்த்த நீலத்துக்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் வெளியிலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன். உள்ளே உட்காருகிறவன் கண்ணால் ஒருதடவை கூடப் பார்க்கவில்லை.

அப்போது ஜன்னல் விளிம்பைப் பார்த்தேன். கலந்து முடித்த மருந்தைக் காகிதத் தட்டில் கொட்டி, ஜன்னலின் உள்விளிம்பில் வரிசையாக வைத்திருந்தார்கள். மருந்து அடைக்கிற பெண்கள் வந்து எடுத்துப் போவதற்காக. கண்ணாடிக்கும் தட்டுக்கும் ஒரு சாண் தூரம். கடைசித் தட்டுக்கு நாலு விரல் தள்ளி, விளிம்பின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. கடுகு அளவுதான். தரையில் இருந்த வெயில் மாதிரி மங்கலாக இல்லை. பளிச்சென்று இருந்தது.

என்னால் கையை மட்டும்தான் நீட்ட முடிந்தது. போர்மேன் விரலை அதன்மேல் வைத்தார். மெதுவாக எடுத்தார். விரலைத் தேய்த்துக்கொண்டார்.

"கொஞ்சம் சுருக்குங்குது. ஆனாச் சாயங்கால வெயில், இறங்கிருச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல மலைக்குப் பின்னால போயிரும். அடைக்கிற ஷெட்டுல அறுபது பொம்பளைகள் மருந்துக்குக் காத்துக் கிடக்காக. இன்னைக்குக் கலவையை முடிச்சிருவோம். நாளைக்கு உங்க முதலாளி வரட்டும், பேசிக்கிடலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். ஒன்றும் ஆகாமல் அந்த ஒரு மணி நேரம் போயிருக்கவும் கூடும். என்னிடம் காட்டுவதற்கு ஆதாரம் ஏதும் கிடையாது. அந்த இடத்தில் ஒரு தீக்குச்சியை வைத்துச் சோதிக்கவும் முடியாது. நான் வெளியே போனேன். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கண்ணாடியின் மேல் பிடித்தேன். ஒரு துண்டு ஒரு ஜன்னலுக்குத்தான் காணும். இன்னொரு ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெயிலில், யாரோ தண்டனை கொடுத்த பிள்ளை மாதிரி.

உள்ளேயிருந்து கருப்பையா அண்ணன் குரல் கேட்டது.

"போர்மேன், அந்த ஆளு சும்மா வந்து நிக்கல. நான் எந்திரிக்கேன்."

"அண்ணே, லோடு..."

"லோடு நாளைக்குப் போகும். நான் நாளைக்கும் வரணும்ல?"

அவர் எழுந்துவிட்டார். மற்ற நாலு ஷெட்டிலும் எழுந்துவிட்டார்கள். தட்டுகளைக் கிழக்குப் பக்கம் மாற்றினார்கள். போர்மேன் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு ஆளைக் கூப்பிட்டு, எல்லா ஜன்னலுக்கும் வெளியிலிருந்து சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போய் ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார்.

"நான் வேலையை நிறுத்தியிருக்கேன். நாளைக்கு எங்க முதலாளி என்னையக் கேப்பாரு. அதனால நீங்க எழுதிக் குடுக்கணும். கண்ணாடி சரியில்ல, நான் சரியாப் பாக்காம அனுப்பிட்டேன்னு. உங்க பேரைப் போட்டு."

ஒரு செக்கிங்காரன் இப்படி எழுதிக் கொடுத்தால் அதற்குப் பிறகு அவனுக்கு எங்கேயும் செக்கிங் வேலை கிடைக்காது. எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், பேசச் சொல்லாமல் எழுதச் சொன்னாரே என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. எழுதினேன். மூன்று மணி நேரம் வைக்க வேண்டியதை ஒன்றரை மணியில் எடுத்தேன் என்பதையும் எழுதினேன். அது அவர் கேட்காதது.

மறுநாள் முதலாளி அந்தத் தாளோடு வந்தார். அவர் முன்னால், நம் கொட்டகை முற்றத்தில், கழற்றிக் கொண்டுவந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தோம். மூன்று மணி வெயில். சுண்ணாம்பைக் கழுவிவிட்டு, ஒவ்வொரு கண்ணாடிக்கும் கீழே ஒரு சாண் தூரத்தில் ஒரு தீக்குச்சி. உலைக்காரர் காய்ச்சலோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். முதல் பத்து கண்ணாடியில் ஒன்றும் இல்லை. இருபதிலும் இல்லை. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பேச்சியக்கா மட்டும், "பொறுங்க முதலாளி, இன்னும் பாதி இருக்குல்ல" என்றார்.

இருபத்தாறாவது கண்ணாடியில் ஒரு மூலையில் முடிச்சு இருந்தது. பேச்சியக்கா கையை அசைக்காமல் பிடித்திருந்தார். சிவப்புப் புள்ளி குச்சியின் தலையில் உட்கார்ந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பது எண்ணுவதற்குள் சின்னதாகப் புகை வந்தது. அப்புறம் 'சர்'ரென்று பற்றிக்கொண்டது.

பேச்சியக்கா கண்ணாடியை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தார்.

முதலாளி குச்சி எரிந்து முடியும் வரை பார்த்தார். பிறகு நான் எழுதிக் கொடுத்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "பேச மாட்டான்னுதான் உன்னைய எடுத்தேன்" என்றார். "சரியாத்தான் எடுத்திருக்கேன். நாற்பதையும் உடைச்சு உலையில போடுங்க. புதுசு சுட்டுக் குடுங்க."

அவ்வளவுதான். அந்தத் தாளைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் பேசவில்லை. உலைக்காரரும் என்னைத் திட்டவில்லை. போர்வைக்குள்ளிருந்து, "நெய்யி ஆறுறதுக்கு முந்திக் கிண்ணியச் சாச்சுட்டீக" என்று மட்டும் சொன்னார்.

புதுக் கண்ணாடிகளை அவரும் நானும் மூன்று மணி நேரம் வைத்து எடுத்தோம். இந்தத் தடவை நீலம் இல்லை, வெறும் வெள்ளை. பாப்பா டெஸ்ட்டோடு நிறுத்தவில்லை. ஒவ்வொன்றையும் வெளியே கொண்டுபோய்ச் சூரியனுக்கு நேராகப் பிடித்தோம். சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கண்ணாடி முழுவதும் ஒரே மாதிரி வெளிச்சம். வானம் மூடியிருந்தால் செக்கிங் கிடையாது, வெயில் வரும் வரை காத்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு வைத்த வழக்கம்தான் உங்களை இன்றைக்கும் ஐப்பசி, கார்த்திகையில் எரிச்சல்படுத்துகிறது.

கண்ணாடி மாட்டி ஒரு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கருப்பையா அண்ணனைத் திருத்தங்கல் பஸ்ஸில் பார்த்தேன். குளித்துவிட்டு வந்திருந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. நான் அவரை வெள்ளி மனிதராகத்தானே பார்த்திருந்தேன். அவர் என்னைக் கண்டுகொண்டு பக்கத்தில் இடம் போட்டார்.

"புதுக் கண்ணாடி எப்பிடிண்ணே இருக்கு?" என்று நானாகவே கேட்டேன். எனக்கே ஆச்சரியம்.

"ரொம்ப நல்லா இருக்கு. பால் ஊத்துன மாதிரி வெளிச்சம். ஒரே ஒரு குறைதான்."

"என்னண்ணே?"

"மணி தெரிய மாட்டேங்குது! கடிகாரத்தப் புடுங்கிட்டுப் போயிட்டீகளே தம்பி. அன்னைக்கு டீயவே விட்டுட்டேன். போர்மேன் வந்து கூப்பிட்டாத்தான் உண்டு. அவரு சீசன் வந்தா எங்களை மறந்துருவாரு." சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "பரவாயில்ல. உங்க கம்பெனி அஞ்சு மணிச் சங்கு எங்க ஷெட்டு வரைக்கும் நல்லாக் கேக்கு. வீட்டுக்குப் போற நேரம் தெரியுதுல்ல, அது போதும்."

அன்று வீட்டுக்கு வந்ததும் மனதுக்குள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். மறுநாள் காலை முதலாளி அறை வாசலில் அரை மணி நேரம் நின்றேன். பதினாறு வருஷ வேலையில் நான் அவரிடம் கேட்டது அது ஒன்றுதான். மூன்றே முக்காலுக்கும் ஒரு சங்கு ஊத வேண்டும் என்றேன்.

"நம்ம ஆளுகளுக்கு டீ நாலரைக்குல்ல? மூணே முக்காலுக்கு இங்க யாருக்கு?"

சொன்னேன். முழுதாகச் சொல்லி முடித்தேனா என்று நினைவில்லை. அவர் சங்கு ஊதுகிறவரைக் கூப்பிட்டு, "இனிமே மூணே முக்காலுக்கும் ஒரு தடவை. கேட்டா அண்ணாச்சி சொன்னாருன்னு சொல்லு" என்றார்.

கருப்பையா அண்ணன் இப்போது வேலைக்குப் போவதில்லை. நன்றாக இருக்கிறார். போன மாதம் பேரனுக்குக் காதுகுத்து வைத்துக் கூப்பிட்டார், போய் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தேன். அவருடைய ஷெட்டில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் வாட்ச் கிடையாது.

தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அந்தச் சங்கு உங்களுக்கு இல்லைதான். ஆனால் அது ஊதும் நேரத்தில் வெயில் சரியாக மேற்கே இருக்கும். கையில் இருக்கிற பால் கண்ணாடியோடு ஒருதடவை வெளியே போங்கள். என்னை மாதிரிச் சூரியனை நேராகப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். பதினாறு வருஷம் அப்படிப் பார்த்துத்தான் என் கண் மங்கிப்போனது என்று டாக்டர் கோபப்படுகிறார். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியைத் தோளுக்கு மேல் பிடித்துக்கொண்டு, தரையைப் பாருங்கள்.

பொட்டு விழக் கூடாது.